நிதியம் இல்லாத காப்புறுதி: அஜின்கோர்ட்டிலிருந்து ஓஹிப்

ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதித் திட்டத்துக்கு, அதாவது ஓஹிப்புக்கு, தனக்கென ஒரு நிதியம் இல்லை. மருத்துவர் அனுப்பும் கணக்கை மாகாணச் சுகாதார அமைச்சு அரசின் திரட்டு நிதியிலிருந்தே தீர்க்கிறது. இதைக் குறையாகக் காண்போர் ஜெர்மனியின் நோய்க் காப்புறுதி நிதியங்களை எடுத்துக்காட்டுவர். அங்கே சந்தாப் பணம் தனியே நிற்கும். ரொறன்ரோவின் ஸ்காபரோவிலுள்ள, குடிவரவாளர் நிறைந்த அஜின்கோர்ட்டில் இருந்து பார்ப்பவருக்கு இந்த வாதம் அவ்வளவாக எடுபடாது. உரிமையைக் கட்டணத்திலிருந்தும் வேலையிலிருந்தும் பிரித்துவிட்டதுதான் ஓஹிப்பின் வலு.

இப்பிரிவு ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. மருத்துவமனைக் காப்புறுதியும் மருத்துவர் சேவைக் காப்புறுதியும் 1972இல் ஓஹிப்பாக இணைந்தபோது மக்கள் கட்டுப்பணம் செலுத்தினார்கள். பலருக்கு முதலாளிமாரே கட்டினார்கள். 1990இல் அது ஒழிந்து வேலைகொள்வோர் சுகாதார வரி வந்தது. மொத்தச் சம்பளத்தில் அதன் உச்ச வீதம் 1.95%. 2020 முதல் தகுதியுள்ள சிறு நிறுவனங்களுக்கு முதல் 10 இலட்சம் டொலர் சம்பளத்துக்கு விலக்கு உண்டு. ஷெப்பேர்ட் வீதியில் நாலு பேரை வைத்துச் சாப்பாட்டுக்கடை நடத்துபவர் இந்த வரியைக் கட்டுவதில்லை. அதனால் அவருடைய சமையற்காரரின் ஓஹிப் அட்டைக்கு ஒரு குறையும் இல்லை.

2004இல் 'சுகாதாரக் கட்டுப்பணம்' என்ற பெயரோடு ஒன்று திரும்பி வந்தது. வருமானம் 20,000 டொலரைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு 900 டொலர் வரை வருமான வரியோடு கட்டவேண்டும். பெயர்தான் கட்டுப்பணம், கட்டாதவருக்கும் வைத்தியம் உண்டு. பழைய கூட்டு ஒப்பந்தங்களின்படி இதையும் முதலாளியே கட்டவேண்டும் என்று தொழிற்சங்கங்கள் வாதாட, நடுத்தீர்ப்பாளர்கள் ஒருவருக்கொருவர் முரணாகத் தீர்ப்பளித்தார்கள்.

மாகாணம் கொடுக்கும் பணம் முழுவதும் அதனுடையதன்று. 1966ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் ஒட்டாவா, அதாவது கூட்டாட்சி அரசு, மாகாணத்தின் செலவில் ஏறத்தாழப் பாதியை ஏற்றது. 1977இல் அது தொகுதி மானியமானது; 2014 முதல் தலைக்கணக்கில் வருகிறது. முறை மாறினாலும் ஒட்டாவா பிடியை விடவில்லை. நோயாளியிடம் மேலதிகக் கட்டணம் வாங்க இடங்கொடுக்கும் மாகாணத்தின் மானியத்தில் அத்தொகையை வெட்டவேண்டும் என்றது 1984ஆம் ஆண்டின் கனடா சுகாதாரச் சட்டம். 1986இல் ஒன்ராறியோ அக்கட்டணத்தைத் தடைசெய்தபோது மருத்துவர்கள் 25 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள், சட்டம் நின்றது. ஆனால் அதே 1984 சட்டம் புதிதாக வருவோரை மூன்று மாதம் வரை காக்கவைக்கவும் அனுமதித்தது. 1994 முதல் 2020 மார்ச் வரை ஒன்ராறியோ அப்படித்தான் செய்தது. ஸ்பொன்சரில் வந்த அம்மா அப்பாவுக்கு அந்த மூன்று மாதமும் பிள்ளைகள் தனியார் காப்புறுதி தேடினார்கள்.

வேலையோடான முடிச்சு அவிழாத இடமும் உண்டு. நீரிழிவுக்காரர் குடும்ப வைத்தியரிடம் பச்சை ஓஹிப் அட்டையைக் காட்டினால் ஒரு சதமும் கட்டாமல் வெளியே வரலாம். மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு பார்மசிக்குப் போனால் முதற் கேள்வி, 'வேலையிடத்தில் பெனிபிட் இருக்கா?' அதாவது, முதலாளி வழியான மருந்துக் காப்புறுதி. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் சமூக உதவி பெறுபவர்களுக்கும் மாகாணத் திட்டம் இருக்கிறது. இரண்டு பகுதிநேர வேலை பார்க்கும் 50 வயதுக்காரர், பெனிபிட் இல்லாவிட்டால், தன் பையைத்தான் பார்க்கவேண்டும். வருமானத்தோடு ஒப்பிட மருந்துச்செலவு மிக உயர்ந்தால் மட்டுமே மாகாணத்தின் ட்ரிலியம் மருந்துத் திட்டம் கைகொடுக்கும்.

மருத்துவமனைகளின் நிலை இன்னொரு விதம். அன்றாடச் செலவின் பெரும்பகுதி மாகாணத்தினுடையது. கட்டட வேலையிலோ ஒரு பங்கையும், கருவிகளின் விலையையும் உள்ளூரில் திரட்டவேண்டும், அதாவது நன்கொடை. அஜின்கோர்ட்டுக்கு அருகிலுள்ள பேர்ச்மவுண்ட் மருத்துவமனையை நடத்தும் ஸ்காபரோ சுகாதார வலையமைப்பு 2022இல் தொடங்கிய நிதிதிரட்டும் இயக்கத்தில் ஒரு கணக்கை முன்வைத்தது: ரொறன்ரோ மக்களில் கால்வாசிப் பேர் ஸ்காபரோவில் வாழ, நகரத்து மருத்துவமனை நன்கொடைகளில் அதற்கு வருவது 1 சதவீதத்துக்கும் குறைவு.