பசுங்கூரைகளும் ரொறன்ரோ நகரின் மழைநீரும்

ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள விற்சேர்ச்-ஸ்ரௌவ்வில் நகரசபைப் பகுதியின் பெரும்பாலான நிலம் ஓக் றிட்ஜஸ் மொறெயின் என்னும் மேட்டுநிலத்தின் மேல் அமைந்துள்ளது. பனியுகத்தின் முடிவில் பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலும் சரளைக் கற்களும் சேர்ந்து உருவான இம்மேடு, கிழக்கு மேற்காக ஏறத்தாழ 160 கிலோமீற்றர் நீளமுடையது. இங்கே பெய்யும் மழை நிலத்துள் மெல்ல இறங்கி, நிலத்தடி நீராகி, பின் ஊற்றுகளாக வெளிப்பட்டு டொன், ஹம்பர், றூஜ் முதலிய ஆறுகளுக்கு நீரூட்டுகின்றது. இதே மழை ரொறன்ரோவின் நடுப்பகுதியில் பெய்தால், கூரையிலிருந்து குழாய்க்கும் குழாயிலிருந்து வாய்க்காலுக்கும் சில நிமிடங்களில் ஓடிவிடுகின்றது. நகரம் இழந்துவிட்ட மண்ணின் ஒரு பகுதியையாவது கட்டடங்களின் மேல் மீண்டும் வைப்பதே பசுங்கூரையின் அடிப்படை நோக்கமாகும்.

பசுங்கூரை என்பது என்ன?

மொட்டை மாடியில் சாடிகளை அடுக்கி வளர்க்கும் தோட்டம் பசுங்கூரை ஆகாது. இதில் கூரையே தோட்டத்தின் அடித்தளமாக அமைகின்றது. நீர் புகாத படலம், வேர் துளைக்காத தடுப்பு, வடிகால் அடுக்கு, மண் அரித்துச் செல்லாமல் காக்கும் துணி, பாரம் குறைந்த வளர்ப்பு மண், அதன்மேல் செடிகள் என அடுக்கடுக்காக இது அமைக்கப்படுகின்றது. ஏறத்தாழ 15 சென்ரிமீற்றருக்கு உட்பட்ட மண்ணில் சீடம் போன்ற வறட்சி தாங்கும் சிறு செடிகளை வளர்ப்பது ஒரு வகை. ஆழமான மண்ணில் புதர்களையும் மரங்களையும் வளர்ப்பது மற்றொரு வகை. முன்னையது பாரமும் பராமரிப்பும் குறைந்தது என்பதால் பெருங்கட்டடங்களில் அதிகம் காணப்படுகின்றது. இத்தொழில்நுட்பம் இன்றைய வடிவில் ஜேர்மனியில் வளர்ந்து ஏனைய நாடுகளுக்குப் பரவியது.

மழைநீர்

ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் கழிவுநீரும் மழைநீரும் ஒரே குழாயில் செல்கின்றன. பெருமழையின்போது குழாய் கொள்ளாமல், சுத்திகரிக்கப்படாத நீர் ஆறுகளிலும் ஒன்ராறியோ ஏரியிலும் கலக்கின்றது. நகரின் குடிநீர் வருவதும் அதே ஏரியிலிருந்துதான். குழாய்கள் நிரம்பும்போது வீடுகளின் நிலவறைகளுக்குள்ளும் நீர் பின்னோக்கி ஏறுவதுண்டு. புதிதாகக் குடியேறியவர்களில் பலர் வாடகைக்கு இருப்பது இத்தகைய நிலவறைகளில்தான்.

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர் நீர். 1,000 சதுர மீற்றர் பசுங்கூரை 25 மில்லிமீற்றர் மழையைப் பிடித்து வைத்தால், 25,000 லீற்றர் நீர் குழாய்க்குப் போகாமல் நிற்கும். பின்னர் அதைச் செடிகளும் வெயிலும் ஆவியாக்கிவிடும். யோர்க் பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றில் 2003 முதல் நடத்தப்பட்ட அளவீடுகளில், அங்கிருந்த பசுங்கூரை கூரையிலிருந்து வழியும் நீரை அறுபது வீதத்திற்கும் மேல் குறைத்தமை தெரியவந்தது.

வெப்பம்

கனடாத் தேசிய ஆராய்ச்சிச் சபை 2000ஆம் ஆண்டிலிருந்து ஒட்டாவாவில் ஒரே கூரையின் ஒரு பாதியைச் சாதாரணமாகவும் மறு பாதியைப் பசுமையாகவும் அமைத்து ஒப்பிட்டது. கோடையில் சாதாரணக் கூரையின் படலம் 70 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறியது. செடிகளுக்குக் கீழிருந்த படலமோ அவ்வெப்பத்தை நெருங்கவில்லை. வெயில் காலத்தில் குளிரூட்டலுக்குத் தேவையான சக்தியும் எழுபத்தைந்து வீதத்திற்கு மேல் குறைந்தது. தகரக் கூரையின் கீழும் கிடுகுக் கூரையின் கீழும் இருந்து பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ஆனால் பனிக்காலத்தில் மண் உறைந்துவிடுவதால் சக்திச் சேமிப்பு மிகக் குறைவு.

ஆய்வும் சட்டமும்

ரொறன்ரோ நகரசபைக்காக ரயர்சன் பல்கலைக்கழகம் (இன்று ரொறன்ரோ மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம்) 2005இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 350 சதுர மீற்றருக்கு மேற்பட்ட தட்டைக் கூரைகள் யாவற்றிலும் முக்கால் பங்கு பசுமையாக்கப்பட்டால், தொடக்கத்தில் 313 மில்லியன் டொலரும் ஆண்டுதோறும் 37 மில்லியன் டொலரும் நகருக்கு மிச்சமாகும் என்றும், நகரின் வெப்பநிலை 0.5 முதல் 2 பாகை வரை குறையலாம் என்றும் அது மதிப்பிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ற் 19ஆம் திகதி பெய்த மழையில் ஃபின்ச் வீதியின் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டது. ஆயிரக்கணக்கான நிலவறைகளில் நீர் புகுந்தது.

2009 மே மாதம் நகரசபை பசுங்கூரைத் துணைச்சட்டத்தை நிறைவேற்றியது. வட அமெரிக்காவில் இவ்வாறு கட்டாயமாக்கிய முதல் நகரம் ரொறன்ரோவே. 2010 ஜனவரி 31 முதல் இது நடைமுறைக்கு வந்தது. 2,000 சதுர மீற்றருக்கு மேற்பட்ட தளப்பரப்புடைய புதிய கட்டடங்கள், அளவுக்கேற்பக் கூரையின் 20 முதல் 60 வீதம் வரை பசுமையாக்கவேண்டும் என்பது அதன் விதியாக இருந்தது. தொழிற்சாலைக் கட்டடங்களுக்கு அது 2012 ஏப்ரலில் விரிவாக்கப்பட்டது.

எல்லைகள்

பசுங்கூரை வெள்ளத்துக்கு முழுமையான மருந்தன்று. 2013 ஜூலை 8ஆம் திகதி பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பதிவானது. அத்தகைய நாளில் மண் விரைவில் நனைந்து நிரம்பிவிடும். மீதி நீர் வழிந்தே தீரும். அடிக்கடி பெய்யும் சிறு, நடுத்தர மழைகளில்தான் இதன் பயன் பெரிது. குழாய்கள் நிரம்பி ஏரி மாசடைவதற்குச் சில வேளைகளில் அவையே போதும். உரம் மிகுந்த வளர்ப்பு மண்ணிலிருந்து பொசுபரசு கரைந்து செல்லக்கூடும் என்பதும் யோர்க் ஆய்வில் தெரிந்தது. பழைய கட்டடமாயின், ஈர மண்ணின் பாரத்தை அது தாங்குமா என்பதைப் பொறியியலாளர் ஒருவர் முதலில் கணித்துச் சொல்லவேண்டும்.

நம்மிற் பலரின் வீடுகள் சரிவான கூரையுடையவை. அவற்றில் இதைச் செய்வது எளிதன்று. ஆனால் கூரை நீரிறங்கு குழாயை நிலத்தடிக் குழாயிலிருந்து பிரித்து, வீட்டின் அத்திவாரத்துக்கு எட்டத்தில் புற்றரைக்கோ மழைநீர்ப் பீப்பாய்க்கோ திருப்பிவிடலாம். மண் உறிஞ்சவேண்டிய நீரை மண்ணுக்கே கொடுப்பது என்ற வகையில் இரண்டும் ஒரே வேலையே.