ஓரத்தில் நின்றவர்கள்

எங்கள் வீட்டில் ஆல்பம் கிடையாது. அப்பாயி படம் என்று மூன்றுதான். ஒன்று, வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. 1993இல் தேர்தல் ஆணையம் படம் ஒட்டிய அட்டையைக் கொண்டுவந்திராவிட்டால் அதுவும் இல்லை. இரண்டாவது, செத்த பிறகு நாற்காலியில் சாய்த்து மாலை போட்டு எடுத்தது. மூன்றாவது எங்களிடம் இல்லை. பண்ணை வீட்டார் புது டிராக்டரோடு களத்துமேட்டில் எடுத்துக்கொண்ட குடும்பப் படத்தில், வலது ஓரத்தில் முறத்தோடு நிற்கிறாள்.

குடும்பப் படங்களை வகைப்படுத்தச் சொல்கிறவர்கள் வம்சம், கல்யாணம், வாரிசு என்று உறை போடச் சொல்கிறார்கள். அப்பாயி எந்த உறைக்குள் போவாள்?

நம்மை யாரும் படமெடுக்காமலில்லை. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த 'இந்திய மக்கள்' என்ற காலனிய வெளியீடு ஆட்களைச் சாதிவாரியாக, இனவாரியாக அடுக்கியது. 1876-78 பஞ்சத்தில் சென்னை மாகாணத்தின் எலும்பும் தோலுமான உடல்களை ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி கேமரா முன் உட்காரவைத்தார். அந்தப் படங்கள் பத்திரமாகவே இருக்கின்றன. ஆவணக்காப்பு என்பது யாருக்காக என்ற கேள்வியை இங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

போன மாசம் பண்ணை வீட்டுக்குப் போனேன். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளி மேலே வந்து மினுங்குவது பெரும்பாலும் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். ஓதம் ஏறுவதும் கரையான் தொடங்குவதும் அங்கேதான். சட்டத்துக்குள் அடங்கவில்லையென்றால் கத்தரிப்பதும் அதைத்தான். வேதியியலுக்குச் சாதி தெரியாது, வாஸ்தவம். ஓரத்தில் யாரை நிறுத்துவது என்று முடிவுசெய்தவர்களுக்குத் தெரியும்.

"அது உங்க அப்பாயியா? வேலையாளுங்கதானேன்னு ஸ்கேன் பண்றப்போ வெட்டிடச் சொல்லிட்டேன் தம்பி" என்றார் பெரியவர். வன்மமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

மூலப் படம் தப்பியிருந்தது. பின்பக்கம் 'இடமிருந்து வலம்' என்று ஏழு பெயர்கள். ஏழாவதோடு நின்றுவிட்டது. பேனா நீட்டினார். வேண்டாம், மை முன்பக்கம் ஊறும், அழுத்தினால் தழும்பு விழும் என்று பென்சில் கேட்டேன். கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தார். எட்டாவதாக அப்பாயி பெயரை எழுதினேன். என் போனில் இரண்டு பக்கமும் படமெடுத்துக்கொண்டேன்.

அப்பாயிக்குப் பின்னால் பாதி முகமாக இன்னொருத்தி நிற்கிறாள். எங்க தெருவில் ரெண்டு கிழவிகளிடம் காட்டினேன். ஒருத்தி ஒரு பேர் சொல்கிறாள். மற்றவள், "அவ இல்லடா, அவளுக்கு அப்ப கல்யாணமே ஆவல" என்கிறாள். ஒன்பதாவது இடத்தை விட்டுவைத்திருக்கிறேன்.