வான்வழிப் படப்பதிவில் நிலைப்படமும் அசைபடமும்: ட்ரோன் கேமராவின் ஒளிபடு நேரம் குறித்த வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

இன்றைய ட்ரோன்களில் நிலைப்படம், காணொளி ஆகிய இரண்டையும் ஒரே கேமரா பதிவுசெய்கிறது. ஆனால் இவ்விரு பதிவுகளும் வேண்டும் ஒளிபடு நேரம் ஒன்றுக்கொன்று முரணானது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் இம்முரண் தனித்தனிக் கருவிகளாலும் தனித்தனித் தொழில்மரபுகளாலும் தீர்க்கப்பட்டு வந்தது. ட்ரோன் அவ்விரு மரபுகளையும் ஒரே கருவியில் இணைத்தபோது முரண் மறையவில்லை. கருவியை வடிவமைப்பவரிடமிருந்து அதனை இயக்குபவரிடம் இடம்பெயர்ந்தது. இம்மாற்றத்தின் வரலாற்றையும், அகழாய்வு ஆவணப்பதிவில் அது ஏற்படுத்தும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வான்வழி ஒளிப்படம், ட்ரோன், ஷட்டர், ஒளிபடு நேரம், அகழாய்வு ஆவணப்பதிவு

முன்னுரை

அகழாய்வு, தான் ஆராயும் சான்றைத் தானே கலைத்துச் செல்லும் பணியாகும். ஒரு மண்ணடுக்கை அகற்றினால்தான் அதன் கீழுள்ள அடுக்கைக் காணமுடியும். அகற்றிய அடுக்கை மீண்டும் அமைக்க இயலாது. எஞ்சுவன குறிப்பேடும் வரைபடமும் ஒளிப்படமுமே. இவற்றுள் ஒளிப்படம் பிழைபட்டிருப்பின், அப்பிழையைக் களத்துக்குத் திரும்பிச் சென்று சரிசெய்யும் வாய்ப்பு இல்லை.

இத்தகைய களங்களில் ட்ரோன் இரு தேவைகளுக்குப் பயன்படுகிறது. ஒன்று, அளவெடுத்தற்குரிய நிலைப்படத் தொகுதி; மற்றொன்று, பொதுமக்களுக்கும் ஊடகங்களுக்கும் காட்டுதற்குரிய காணொளி. மின்கலத்தின் ஆற்றல் சிறிது நேரத்துக்கே போதுமாதலால் இரண்டையும் ஒரே பறப்பில் முடித்துவிட முனைவது இயல்பு. காணொளிக்கென வைத்த அமைப்புகள் நிலைப்படத்துக்குள் நுழைவது இந்தச் சூழலில்தான். இதனை இயக்குபவரின் கவனக்குறைவாக மட்டும் கருதிவிட முடியாது. இதன் வேர் வான்வழிப் படப்பதிவின் வரலாற்றிலேயே உள்ளது.

நிலைப்பட மரபு: அசைவை நிறுத்துதல்

பிரான்சு நாட்டின் நாடார் 1858இல் பாரிசுக்கு அருகே, கயிற்றால் கட்டப்பட்ட பலூனிலிருந்து நிலத்தைப் படமெடுத்தார். அப்படங்கள் இன்று கிடைக்கவில்லை. இன்று எஞ்சியுள்ளவற்றுள் பழமையான வான்வழிப் படம், ஜேம்ஸ் வாலஸ் பிளாக் 1860இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரின்மீது பலூனிலிருந்து எடுத்ததாகும். அக்காலத்து ஈரக் கொலோடியன் தகடுகள் ஒளியுணர்வு குறைந்தவை; பலூனின் சிறு ஆட்டமும் படத்தைக் கலங்கச் செய்தது. ஆகவே வான்வழி நிலைப்படத்தின் முதற்சிக்கலே அசைவை வெல்வதாக இருந்தது.

1888இல் ஆர்தர் பாத்யு என்னும் பிரெஞ்சுக்காரர் பட்டத்தில் கேமராவைப் பொருத்திப் படமெடுத்தார். மெல்ல எரியும் திரி ஒன்று ஷட்டரை விடுவித்தது. படமெடுத்த உயரத்தைப் பதிவுசெய்யும் கருவியையும் அவர் உடன் அனுப்பினார். உயரம் தெரிந்தால்தான் படத்தின் அளவுவிகிதத்தைக் கணக்கிட முடியும். இன்றைய நிலைப்படக் கோப்பு ஒவ்வொன்றிலும் இடமும் உயரமும் ஒளிபடு நேரமும் பதிவாவதற்கு இதனை முன்னோடி எனலாம்.

தொல்லியல் இம்மரபை விரைவில் தனதாக்கிக்கொண்டது. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் 1906இல் படைத்துறைப் பலூனிலிருந்து படமெடுக்கப்பட்டது. சூடானின் ஜெபல் மோயா அகழாய்வில் ஹென்றி வெல்கம் பட்டக் கேமராவைப் பயன்படுத்தினார். ஓ. ஜி. எஸ். கிராஃபோர்டும் அலெக்சாண்டர் கெய்லரும் 1928இல் வெளியிட்ட 'வெசெக்ஸ் ஃபிரம் தி ஏர்' என்னும் நூல் வான்வழித் தொல்லியலைத் தனித்துறையாக நிலைநிறுத்தியது. இவை அனைத்தும் நிலைப்படங்களே என்பது கருதத்தக்கது.

விமானத்தின் வேகம் புதிய சிக்கலைக் கொணர்ந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் பரவலாகப் பயன்பட்ட குவியத்தள ஷட்டரில், ஒரு பிளவு படத்தகட்டின் குறுக்கே நகர்ந்து ஒளியை அனுமதிக்கும். தகட்டின் ஒரு விளிம்பும் மறுவிளிம்பும் வெவ்வேறு கணங்களில் ஒளிபடுகின்றன. அவ்விடைவெளியில் விமானம் நகர்ந்துவிடுவதால் நிலத்தின் வடிவம் படத்தில் கோணலாகிறது. கண்ணுக்குப் புலனாகாத இக்கோணல் அளவெடுப்போருக்குப் பெருந்தடையாயிற்று. ஷெர்மன் ஃபேர்சைல்டு, லென்சுகளுக்கிடையே ஷட்டரை அமைத்த கேமராவின்வழி இதற்குத் தீர்வு கண்டார். படத்தின் எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் ஒளிபட்டன. 1920இல் அவர் தம் கேமரா நிறுவனத்தைத் தொடங்கினார்; 1921இல் அவருடைய கேமராவால் எடுத்த படங்களைக் கொண்டு நியூயார்க்கின் மான்ஹாட்டன் தீவின் வான்வழிப் படவரைபடம் உருவாக்கப்பட்டது. அளவுப்படத்துக்குக் குறுகிய ஒளிபடு நேரமும் ஒரே கணத்தில் முழுப்படமும் தேவை என்னும் நெறி இவ்வாறு நிலைபெற்றது.

அசைபட மரபு: அசைவைத் தொடர்தல்

விமானத்திலிருந்து முதல் அசைபடம் எடுக்கப்பட்டது 1909 ஏப்ரல் 24 அன்று. ரோம் நகருக்கு அருகிலுள்ள சென்டோசெல்லேயில் வில்பர் ரைட் ஓட்டிய விமானத்தில் ஒளிப்பதிவாளர் ஒருவர் உடன்சென்று நிலக்காட்சியைப் பதிவுசெய்தார். அன்றுமுதல் வான்வழி அசைபடம் வேறொரு பாதையில் வளர்ந்தது.

அசைபடத்தில் ஒரு சட்டகம் தனித்து நிற்பதில்லை. அடுத்த சட்டகத்தோடு இணைந்தே பொருள் தருகிறது. ஒவ்வொரு சட்டகமும் முற்றிலும் கூர்மையாக இருந்தால் அசைவு விட்டுவிட்டுத் துள்ளுவதுபோல் கண்ணுக்குத் தோன்றும். சட்டகத்தில் சிறிது கலங்கல் இருந்தால் ஓட்டம் இழைகிறது. 1920களின் இறுதியில் பேசும்படத்தோடு நொடிக்கு 24 சட்டகம் என்னும் வேகம் நிலைபெற்றது. கேமராவினுள் சுழலும் வட்டத்தகட்டு ஷட்டரில் 180 பாகைத் திறப்பு வழக்கமாயிற்று. வட்டத்தின் பாதி திறந்திருப்பதால் சட்டக நேரத்தின் பாதி, அதாவது 1/48 நொடி, ஒளிபடுகிறது. நொடிக்கு 25 சட்டகம் எடுக்கும் இன்றைய காணொளியில் இது 1/50 நொடியாகும்.

வான்வழித் திரைப்பதிவில் வேண்டாத அசைவு ஷட்டரால் தீர்க்கப்படவில்லை. கேமராவைத் தாங்கும் அமைப்பால் தீர்க்கப்பட்டது. பிரெஞ்சு இயக்குநர் ஆல்பர்ட் லாமொரீஸ் உருவாக்கிய ஹெலிவிஷன், 1960களில் நெல்சன் டைலர் வடிவமைத்த ஹெலிகாப்டர் தாங்கி ஆகியவை அதிர்வைக் குறைத்தன. ஆனால் 180 பாகை மரபை மாற்றவில்லை. ஆக, நில அளவையாளரும் திரைப்பட ஒளிப்பதிவாளரும் ஒரே வானத்தில் பறந்தபோதிலும் அவர்தம் கருவிகள் வேறு, நெறிகள் வேறு. ஒருவர் அமைப்பு மற்றவர் படத்தைக் கெடுக்கும் வாய்ப்பே எழவில்லை.

இரு மரபுகளின் இணைவு

2013இன் தொடக்கத்தில் வெளிவந்த டிஜேஐ பாந்தம் ட்ரோனில் கேமரா இல்லை. பயன்படுத்துவோர் வேறொரு சிறிய கேமராவைப் பொருத்திக்கொண்டனர். அடுத்து வந்த மாதிரிகளில் கேமராவும் மூன்றச்சுக் கிம்பலும் உடனிணைந்தன. நிலைப்படமும் காணொளியும் ஒரு பொத்தானின் தொலைவில் வந்து நின்றன.

அக்கேமராக்களில் பல மின்னணு ஷட்டரை மட்டுமே கொண்டிருந்தன. அவற்றின் உணரி, ஒளியை மேல்வரிசையிலிருந்து கீழ்வரிசை வரை ஒவ்வொரு வரிசையாகப் படிக்கிறது. இதுவே ரோலிங் ஷட்டர் எனப்படுகிறது. முழுப்படத்தையும் படித்து முடிக்க 30 மில்லிநொடி ஆகும் எனக் கொண்டால், நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் ட்ரோன் அதற்குள் 30 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். குவியத்தள ஷட்டரின் பழைய கோணல் மின்னணு வடிவில் மீண்டும் வந்தது எனலாம்.

2016இல் வெளிவந்த பாந்தம் 4 புரோ, ஓர் அங்குல உணரியோடு நிலைப்படத்துக்கென எந்திர ஷட்டரையும் கொண்டிருந்தது. ஃபேர்சைல்டு கண்ட தீர்வின் மறுவரவு இது. 2022இல் வந்த மேவிக் 3 எண்டர்பிரைஸ் மாதிரியிலும் எந்திர ஷட்டர் இடம்பெற்றது. ஆயினும் எந்திர ஷட்டர் நிலைப்படத்துக்கே உரியது. காணொளி வரிசைமுறையிலேயே பதிவாகிறது. ஒரே லென்சுக்குப் பின்னால் இரு மரபுகளும் இணையாமல் அருகருகே வாழ்கின்றன என்பதை இதனால் அறியமுடிகிறது.

அமைப்புகள் கடந்துசெல்லும்போது நிகழ்வது

முரணின் அளவை ஒரு கணக்கு விளக்கும். பாந்தம் 4 புரோவின் குவியத்தொலைவு 8.8 மில்லிமீட்டர், ஒரு படப்புள்ளியின் அகலம் ஏறத்தாழ 2.4 மைக்ரோமீட்டர். 20 மீட்டர் உயரத்தில் ஒரு படப்புள்ளி நிலத்தில் ஏறத்தாழ 5.5 மில்லிமீட்டரைக் குறிக்கும். ட்ரோன் நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால், காணொளிக்குரிய 1/50 நொடியில் 4 சென்டிமீட்டர் கடந்துவிடும். அஃதாவது படத்தில் ஏழு புள்ளி அகலத்துக்குக் கலங்கல் உண்டாகும். சிறு பானையோட்டின் விளிம்பு அதில் கரைந்துவிடும். அதே வேகத்தில் 1/1000 நொடி வைத்தால் நகர்வு 2 மில்லிமீட்டர்; அரைப் புள்ளிக்கும் குறைவு. ட்ரோனை ஓரிடத்தில் நிறுத்திப் படமெடுத்தால் இச்சிக்கல் குறையும். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று படிந்த நூற்றுக்கணக்கான படங்களைத் தானியங்கிப் பறப்பில் எடுக்கையில் ஒவ்வோரிடத்திலும் நின்று செல்வது அரிது.

ஒளிகுறைப்பு வடிகட்டி மற்றொரு சிக்கலாகும். நல்ல வெயிலில் துளை எஃப் 5.6, ஐஎஸ்ஓ 100 என்னும் நிலையில் ஏறத்தாழ 1/800 நொடி போதும். காணொளிக்காக இதனை 1/50 ஆக்க, ஒளியைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி16 வடிகட்டி பொருத்தப்படுகிறது. பிறகு நிலைப்படத்துக்கு மாறும்போது திரையில் பொத்தானை மாற்றலாம். வானில் உள்ள வடிகட்டியைக் கழற்ற முடியாது. மீண்டும் 1/800 வேண்டுமாயின் ஐஎஸ்ஓவை 1600 ஆக உயர்த்த வேண்டும். அப்போது இரைச்சற்புள்ளிகள் பெருகி நுண்விவரம் மங்கும். தானியங்கி முறையில் விட்டால் கேமரா ஒளிபடு நேரத்தை நீட்டிவிடக்கூடும்.

வெண்சமநிலையும் நிறப் பாங்கும் இவ்வாறே கருதத்தக்கவை. பின்னர் நிறத்திருத்தம் செய்வதற்கென வைக்கப்படும் லாக் பாங்கு மங்கிய நிறத்தில் பதிவுசெய்யும். தானியங்கி வெண்சமநிலையில் படத்துக்குப் படம் நிறம் மாறக்கூடும். மண்ணின் நிறவேறுபாட்டைக் கொண்டே அடுக்குகளைப் பிரித்தறியும் துறையில் இதனைச் சிறு குறையாகக் கொள்ள இயலாது. மேலும், ஒளிபடு அமைப்புகள் இரு முறைகளுக்கும் தனித்தனியே நினைவில் வைக்கப்படுமா, பொதுவாக அமையுமா என்பது மாதிரிக்கும் செயலிக்கும் ஏற்ப வேறுபடுகிறது. ஒரு மாதிரியில் பழகிய கை வேறொரு மாதிரியில் பிழை செய்வதற்கு இதுவே காரணம்.

காணொளியிலிருந்தே சட்டகங்களைப் பிரித்துப் பயன்படுத்தலாம் என்னும் கருத்தும் உண்டு. விரைவான மேலோட்டப் பார்வைக்கு அது உதவும். ஆனால் 5472×3648 அளவுள்ள நிலைப்படத்தில் ஏறத்தாழ 2 கோடிப் புள்ளிகள் உள்ளன. 3840×2160 அளவுள்ள காணொளிச் சட்டகத்தில் 83 இலட்சமே. 3:2 விகிதத்தில் பதிவாகும் படத்தின் மேற்பகுதியும் கீழ்ப்பகுதியும் 16:9 விகிதத்தில் வெட்டுப்படுகின்றன. பிரித்தெடுத்த சட்டகத்துக்குரிய இடக்குறிப்பும் உயரக்குறிப்பும் நிலைப்படத்திற்போல் கோப்பினுள் அமைவதில்லை. பாத்யு பட்டத்தோடு அனுப்பிய உயரக்குறிப்பு இங்கே தவறிப்போகிறது.

தொகுப்புரை

வான்வழி நிலைப்படம் அசைவை நிறுத்தவும், அசைபடம் அசைவைத் தொடரவும் வளர்ந்தவை. முன்னாளில் இவ்வேறுபாட்டைக் கருவியே காத்தது. ட்ரோனில் இயக்குபவரே காக்கவேண்டியுள்ளது. பொத்தானை மாற்றுவது முறையை மட்டுமே மாற்றுகிறது. அம்முறைக்குரிய மரபை அது தானாகக் கொண்டுவருவதில்லை.

இதனால் அகழாய்வுக் களத்துக்குச் சில நெறிகள் பெறப்படுகின்றன. அளவுக்குரிய நிலைப்படங்களை வடிகட்டியின்றி, குறுகிய ஒளிபடு நேரத்தோடும் மாறா வெண்சமநிலையோடும் முதற்பறப்பில் எடுத்தல் வேண்டும். ட்ரோனைத் தரையிறக்கி அப்படங்களைப் பெரிதாக்கிச் சரிபார்த்த பின்னரே வடிகட்டி பொருத்திக் காணொளிக்குச் செல்லுதல் நன்று. ஒளிபடு நேரம், துளை, ஐஎஸ்ஓ, வடிகட்டி, பறந்த உயரம் ஆகியவற்றை அடுக்கின் எண்ணோடு களக்குறிப்பேட்டிலும் எழுதிவைத்தல் வேண்டும். காணொளி பிழைபட்டால் மறுநாள் மீண்டும் எடுக்கலாம். அகற்றப்பட்ட அடுக்கின் நிலைப்படத்துக்கு மறுநாள் இல்லை. ஆகையால் எது முதலில் என்பதைப் பறப்புக்கு முன்பே முடிவுசெய்தல் ஆவணப்பதிவின் இன்றியமையாத பகுதியாகும்.