டர்பைன்காரர்கள்

வத்தேகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா டர்பைன் பார்த்தார். ஓடைத் தண்ணீர் குழாயில் இறங்கும் இடத்தில் கம்பி வலையில் அடைத்த சருகை விடியலிலேயே வாரிப் போடுவார். விட்டால் தண்ணீர் குறைந்து, கொழுந்து அரைக்கும் ரோலர் தளரும். டர்பைன் இரைச்சல் மாறினாலே கோளாறைச் சொல்லிவிடுவார்.

இலங்கையில் நீர்மின்சாரம் என்றால் எல்லோரும் டி. ஜே. விமலசுரேந்திரவைச் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். பொதுப்பணித் திணைக்களப் பொறியியலாளரான அவர் 1918இல் முன்வைத்த யோசனை லக்சபான மின்நிலையமாக எழ 1950 ஆயிற்று. 1976இல் எங்களுக்குப் பக்கத்துப் பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, சுரங்கம் வழியே உக்குவளை மின்நிலையத்துக்குத் திருப்பினார்கள். பிறகு கிராமங்களுக்குச் சிறு நீர்மின் திட்டங்கள் வந்தபோது, பொறியியலாளர்களோடு லேத் பட்டறைக்காரர்களும் டர்பைன் செய்தார்கள். அப்பாவின் கூட்டாளிகள் அவர்கள்தான்.