அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

சென்னைப் பாரிமுனைக்கு அருகில், உயர் நீதிமன்றத்தின் எதிர்ப்புறமிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் நெரிசலான தெரு ஒன்றுக்கு அரண்மனைக்காரன் தெரு என்று பெயர். அங்கே அரண்மனை எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அதனை ஆர்மேனியன் தெரு என்பர். பாரசீக நாட்டின் ஜுல்பா நகரிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறிய ஆர்மேனியக் கிறிஸ்தவர்களின் இனப்பெயர், நம் மக்களின் நாவில் புரண்டு புரண்டு அரண்மனைக்காரன் ஆயிற்று. பொருள் விளங்காத சொல்லுக்குத் தானே ஒரு பொருளைப் படைத்துக்கொள்வது மக்கள் மொழியின் இயல்பு. இந்தத் திரிபு முற்றிலும் பொருந்தாத ஒன்றும் அன்று. அவ்வணிகருள் சிலர் அரண்மனைக்காரரைப் போலவே வாழ்ந்தவர்கள்தாம். புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கிளைவ் மாளிகை என்று காட்டப்படும் பெரிய வீடு, ஒருகாலத்தில் ஓர் ஆர்மேனிய வணிகக் குடும்பத்தின் உடைமையாக இருந்தது.

கத்தோலிக்கராகிய நமக்கு இத்தெரு புதியதன்று. புனித மரியன்னை இணைப் பேராலயம் இங்குதான் இருக்கிறது. அதனுள் அமைந்த புனித அந்தோனியார் திருத்தலத்துக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் சமய வேறுபாடின்றி மக்கள் திரள்கின்றனர். மெழுகுதிரியும் பூவும் வாங்குகிறோம், வேண்டுதலை முடிக்கிறோம், பேருந்தைப் பிடிக்க விரைகிறோம். பேராலயத்துக்கு இருபுறமும் நிற்கும் சுவர்களை நிமிர்ந்து பார்ப்போர் நம்மில் எத்தனை பேர்? நம் முன்னோரின் கதையில் பாதி அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது.

1642ஆம் ஆண்டு பிரெஞ்சு நாட்டுக் கப்புச்சின் துறவி எப்ரேம் தெ நேவர் சென்னைக்கு வந்தார். அவர் செல்ல எண்ணியிருந்த இடம் பர்மாவிலுள்ள பெகு. கோட்டை அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. அங்குக் குடியேறியிருந்த போர்ச்சுகீசியக் கத்தோலிக்கருக்குக் குரு ஒருவர் தேவைப்பட்டார். ஆங்கிலேயர் அவரைத் தங்குமாறு கேட்டுக்கொண்டனர். ஆங்கிலேயருக்கு நம் மறைமீது பற்று இருந்தது என்று எவரும் எண்ண வேண்டாம். மயிலை சாந்தோமிலிருந்த போர்ச்சுகீசியக் குருக்களின் செல்வாக்கு கோட்டைக்குள் நுழையாமலிருக்க, வேறு நாட்டுத் துறவி ஒருவர் அவர்களுக்கு வசதியாக இருந்தார். எப்ரேம் அடிகளாரோ அந்த வசதியை இறைமக்களுக்கு உரியதாக்கிக்கொண்டார். கோட்டைக்குள் புனித அந்திரேயா ஆலயம் எழுந்தது. குழந்தைகளுக்கு அவரே பாடம் சொல்லித் தந்தார். 1649இல் அவரைப் பிடித்துக் கோவாவின் சமய விசாரணை மன்றத்துக்கு அனுப்பியவர்களும் கத்தோலிக்கரே என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. விடுதலை பெற்று மீண்டு வந்த அவர், தம் இறுதிக்காலம்வரை இந்நகரிலேயே பணியாற்றினார். கோட்டைக்கு வெளியே, இன்றைய இணைப் பேராலயம் நிற்குமிடத்தில், 1658இல் கப்புச்சின் துறவியர் சிற்றாலயம் ஒன்றை அமைத்தனர் என்பர்.

அதன் அண்டை வீட்டாரே ஆர்மேனியர். 1688இல் ஆங்கிலக் கம்பெனி அவர்களோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டது. நாற்பது ஆர்மேனியர் குடியேறும் இடத்தில் அவர்களுக்குக் கோயில் கட்டித் தருவதும், குருவுக்கு ஏழாண்டுகள் ஆண்டுக்கு ஐம்பது பவுன் ஊதியம் தருவதும் அதன் விதிகள். வணிகரை ஈர்க்க வரிச்சலுகை அளிப்பது எல்லா அரசும் செய்வதே. கோயிலையும் குருவையும் சலுகையாக அளித்த அரசு அரிது. 1712இல் அவர்களுடைய முதற்கோயில் எழுந்தது. இப்போது நாம் காணும் கன்னி மரியா ஆலயம் 1772ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தனித்து நிற்கும் அதன் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள் தொங்குகின்றன. அவற்றுள் இரண்டு 1837இல் லண்டனில் தாமஸ் மியர்ஸ் வார்ப்பகத்தில் வார்க்கப்பட்டவை. வேறொன்றில் தமிழ் எழுத்துகளே பொறிக்கப்பட்டுள்ளன.

அத்தெருவைச் சூழ வாழ்ந்த சமூகத்தின் அச்சகத்தைப் பற்றியும் ஒரு சொல். 1772இல் ஷாஹாமிர் ஷாஹாமிரியான் என்னும் வணிகரின் குடும்பம் சென்னையில் ஆர்மேனிய அச்சகம் ஒன்றை நிறுவிற்று. விடுதலை பெற்ற ஆர்மேனியாவுக்கு உரிய அரசியல் சட்டம் ஒன்றின் வரைவு அங்கே அச்சேறியது. நாடிழந்த மக்கள் தம் நாட்டின் சட்டத்தை நம் கடற்கரையில் எழுதியிருக்கின்றனர்! உலகின் முதல் ஆர்மேனிய இதழான 'அஸ்தரார்' 1794இல் வெளிவந்ததும் சென்னையிலேதான். அதன் ஆசிரியர் ஹருத்யூன் ஷ்மாவோனியான் ஒரு குரு. ஆலய வளாகத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது.

இவ்வணிகருள் நாம் நன்றியோடு நினைக்க வேண்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான். பட்டும் துணியும் மணிலா வணிகமுமாகப் பெரும்பொருள் ஈட்டிய இவர், 1726இல் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் பாலம் கட்டினார். மர்மலாங்குப் பாலம் என்று முதியோர் சொல்லக் கேட்டிருப்போம். பரங்கிமலையில் திருத்தூதர் தோமாவின் திருத்தலத்துக்கு ஏறும் படிகளையும் இவரே அமைத்தார். கட்டியதோடு நிற்காமல், பாலத்தின் பராமரிப்புக்கென 1500 வராகன் தனியே ஒதுக்கி வைத்தார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கட்டுவோர் பலர், கட்டியது பழுதடையும் என்று எண்ணி அதற்கும் பணம் வைத்துச் செல்வோர் மிகச் சிலர். 1966இல் பழைய பாலம் புதிய பாலத்துக்கு இடம் கொடுத்தபின்னும் உஸ்கானின் கல்வெட்டு அங்கே நின்றது.

வேப்பேரியில் அற்புத அன்னைக்கு இவர் எழுப்பிய ஆலயத்தின் கதை வருத்தந்தருவது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் நகரைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கர் அனைவரையும் பிரெஞ்சுக்காரரின் உளவாளிகளாகவே நோக்கினர். கோட்டையிலிருந்து குருக்கள் வெளியேற்றப்பட்டனர்; எப்ரேம் அடிகளாரின் புனித அந்திரேயா ஆலயம் இடிக்கப்பட்டது. பிரெஞ்சுக்காரருக்கு ஒத்துழைக்க மறுத்த உஸ்கானின் ஆலயமும் இதற்குத் தப்பவில்லை. 1751இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே அவ்வாலயம் லுத்தரன் மறைப்பணியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. பின்னாளில் அது புனித மத்தியா ஆலயம் ஆயிற்று. அவருடைய உடல் அங்கேயே இருக்கிறது. இதயம் மட்டும் பொற்பேழையில் வைத்து, பிறந்த ஊராகிய ஜுல்பாவுக்கு அனுப்பப்பட்டதாம்.

இடிபட்டவை கத்தோலிக்க ஆலயங்கள் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் பட்டணமே 1750களில் தரைமட்டமாக்கப்பட்டது. பகைவர் மறைந்து வர வீடுகள் உதவின என்பது காரணம். பட்டணத்தாரின் சென்ன கேசவப் பெருமாள் கோயிலும் அப்போது போயிற்று. மணலி முத்துக்கிருஷ்ண முதலியாரின் முயற்சியால் பின்னர் அது பூக்கடைப் பகுதியில் புதிதாக எழுந்தது. 1773இல், இதற்குள் எவரும் கட்டடம் எழுப்பக்கூடாது என்று பதின்மூன்று எல்லைக் கற்கள் நாட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று பாரிமுனையில் டேர் மாளிகையின் மூலையில் பாதுகாக்கப்பட்டுள்ளது. ஒரு நகரமே எடுத்தெறியப்பட்டதற்குக் கையளவு சாட்சி! கறுப்பர் பட்டணம் என்ற பெயர் முத்தியால்பேட்டைக்கும் பெத்துநாயக்கன்பேட்டைக்கும் பெயர்ந்தது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரானவரின் பெயரால் அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று.

புதிய பட்டணத்தில் தெருக்கள் தொழில்களின் பெயரையே சூடின. பவளக்காரத் தெருவில் மத்தியதரைக் கடலின் பவளத்தைக் கொணர்ந்து கோல்கொண்டா வைரத்தை வாங்கிச் சென்ற யூத வணிகர் தம் பெயரைப் பதித்தனர். பிரேசில் நாட்டு வைரம் சந்தைக்கு வந்தபின் அவர்கள் மெல்ல மறைந்தனர். பின்னர் அத்தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார் குடியேறினர். தங்கசாலைத் தெருவுக்குப் பெயர் தந்த நாணயச்சாலை 1869இல் மூடப்பட்டது. கம்பெனியின் துணிகளை வெளுத்த சலவைக்காரர் அதற்கு முன்பே அங்கிருந்து பெயர்ந்துவிட்டனர். போர்ச்சுகீசியக் கோயில் தெரு என்ற பெயரும், அதிலுள்ள விண்ணேற்பு அன்னை ஆலயமும் நமக்குரிய எச்சங்கள்.

பெரிய வணிக நிறுவனங்களுக்கும் இதுவே வாசல். 1788இல் சென்னைக்கு வந்த வேல்ஸ் நாட்டவர் தாமஸ் பாரியின் பெயரைத் தமிழ்மக்கள் ஒரு முனைக்கே சூட்டிவிட்டனர். அவரோ 1824இல் பரங்கிப்பேட்டையில் வாந்திபேதிக்கு இரையாகிக் கடலூரில் அடக்கமானார். பின்னி நிறுவனம் 1812இல் அரண்மனைக்காரன் தெருவுக்கு வந்தது. பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை எழுப்பிப் பல தலைமுறைத் தொழிலாளருக்குச் சோறிட்டதும், கதவடைப்பால் அவர்களைப் பட்டினி போட்டதும் இந்நிறுவனமே. அவ்வாலைகள் 1996இல் மூடப்பட்டன. கடற்கரைச் சாலையில் கம்பீரமாக நின்ற அர்பத்நாட் வங்கி 1906 அக்டோபரில் ஒரே நாளில் கவிழ்ந்தது. ஓய்வூதியரும் கைம்பெண்களும் சேர்த்து வைத்த பணம் அதனுள் மூழ்கிற்று. உரிமையாளர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் கடுங்காவல் தண்டனை பெற்றார். அந்தச் சூட்டிலேதான் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907இல் இந்தியன் வங்கி தோன்றியது.

இவ்வளவும் பெரியோர் கதை. தெருவுக்கு உயிர் தந்தவர் சிறு வணிகர். ஆண்டர்சன் தெருவில் தாள் வணிகரும் திருமண அழைப்பிதழ் அச்சிடுவோரும், கிடங்குத் தெருவில் துணி மொத்த வணிகரும், நயினியப்ப நாயக்கன் தெருவில் மருந்துச் சரக்கு விற்போரும் தலைமுறை தலைமுறையாகத் தொழில் நடத்தினர். கீழே கடை, மேலே குடித்தனம் என்பதே கட்டட முறை. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையிட்ட தளம் சித்திரை, வைகாசி வெயிலைத் தாங்கும். முற்றம் காற்றைத் தரும். திண்ணை வழிப்போக்கருக்கு இடம் தரும். 1996இல் கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை கோயம்பேட்டுக்குப் பெயர்ந்தபோது, சுற்றியிருந்த தெருக்களின் விடியற்காலையே மாறிப்போயிற்று.

பகைவரின் பீரங்கிக்கு அஞ்சி ஒருமுறை இடிக்கப்பட்ட பட்டணம், பகைவர் எவரும் இல்லாத காலத்தில் தன்னைத் தானே இடித்துக்கொள்வது ஏன்? பேராசை என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்வது எளிது. நாம் அதனை ஏற்கவில்லை. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைக் குடித்தனக்காரரைக் காத்தது. அதே சட்டத்தால் பல வீடுகளின் வாடகை பல்லாண்டுகள் ஏறாமலே நின்றது. சொற்ப வாடகை பெறும் உரிமையாளர் ஒழுகும் கூரையைப் பழுதுபார்ப்பாரா? பாகம் பிரிக்காத வீட்டில் பத்துப் பங்காளிகள் இருந்தால் எவர் கைப்பணத்தைச் செலவிடுவார்? கூரை விழும்வரை காத்திருந்து மனையை விற்பதே மீதி வழியாயிற்று. புதிய வாடகைச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தபோது காலம் கடந்திருந்தது. பாரம்பரியக் கட்டடங்களைக் காக்க 2012இல் இயற்றிய சட்டமும் நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின. அன்னி பெசன்ட் அம்மையார் தன்னாட்சிக்காக முழங்கிய கோகலே மண்டபம் 1915இல் இதே அரண்மனைக்காரன் தெருவில் எழுந்தது. இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அதனை இடிக்கத் தொடங்கியபோது, நீதிமன்றம்தான் தடுத்து நிறுத்திற்று.

வீட்டுக்காரரைக் குறை கூறும்போது நம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. திருச்சபையும் பழைய கட்டடங்களின் உரிமையாளரே. வெள்ளி விழாவுக்கு அலங்கார வளைவும், பொன் விழாவுக்குப் புதிய கெபியும் எழுப்ப நன்கொடை தருவோர் வரிசையில் நிற்கின்றனர். அவர்தம் பெயர் பளிங்கில் பொறிக்கப்படுகிறது. பழைய ஆலயத்தின் ஓட்டைக் கூரையை மாற்றவும், காரை பெயர்ந்த சுவரைச் சுண்ணாம்பிட்டுக் காக்கவும் நிதி கேட்டால் கூட்டம் கலைந்துவிடுகிறது. பெயர் எழுத அங்கே இடமில்லையல்லவா! பின்னர், பழுது முற்றிவிட்டது, இடிப்பதே சிக்கனம் என்று பொறியாளர் சொல்வார். பங்குப் பேரவை தலையசைக்கும். உஸ்கான் ஒதுக்கிய பராமரிப்பு நிதி போன்ற ஒன்று எத்தனை பங்குகளின் கணக்கேட்டில் இருக்கிறது?

ஆர்மேனியருக்குச் சென்னையில் சந்ததி இல்லாமற்போயிற்று. ஆயினும் அவர்தம் ஆலயம் பூசிய சுவரோடும் படிக்கக்கூடிய கல்லறைக் கற்களோடும் நிற்கிறது. கொல்கத்தாவிலுள்ள அவர்களுடைய அறக்கட்டளை அதனைப் பேணி வந்திருக்கிறது. நமக்கோ சந்ததி நிறைந்திருக்கிறது. எனினும் தரையைப் புதுப்பிக்கும்போது, தேய்ந்த கல்லறைப் பலகைகளின்மேல் பளபளக்கும் கிரானைட்டைப் பதித்துவிடுகிறோம். திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் செல்லரித்துக் கிடக்கின்றன. கப்பலோடும் கடையோடும் அச்சகத்தோடும் வாழ்ந்த நம் மூதாதையரின் பெயர்கள் வேறெங்கும் இல்லை, அவ்வேடுகளில்தான் உள்ளன. தரை வேலை தொடங்குமுன் கற்களிலுள்ள எழுத்துகளைப் படியெடுக்கப் பெரிய தாளும் கரித்துண்டும் போதும். பங்கு இளைஞர் நால்வருக்கு அது இரண்டு ஞாயிறு மாலை வேலை.