பென்னாகரம் கடைவீதியும் அறிவிப்புத் தொழிலும்

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் அருவிக்குச் செல்லும் சாலையில், அருவிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் முன்னதாக உள்ள பென்னாகரம், சுற்றுப்புறச் சிற்றூர்களின் புளியும் கேழ்வரகும் நிலக்கடலையும் கைமாறும் சந்தையூராகவும், அருவிக்குப் போகும் வெளியூரார் வண்டியை நிறுத்திச் சாமான் வாங்கும் வழியூராகவும் விளங்குவதால், இங்குள்ள சிறுகடைக்காரர் இரு வேறு கூட்டத்தாரிடம் தம் சரக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியவராகவே இருந்து வந்திருக்கிறார். கடையைப் பற்றிப் பேசுவதற்கென்று ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்தும் வழக்கம், இன்று சோசியல் மீடியா மேனேஜர் எனப்படும் சமூக ஊடகப் பணியாளரோடு தொடங்கியதன்று. அதற்கு முன்பே நான்கைந்து வகைத் தொழிலாளர் அந்த வேலையைப் பங்கிட்டுச் செய்திருக்கின்றனர்.

முரசறைந்து செய்தி சொல்வது தமிழகத்தில் மிகப் பழைய வழக்கம். மணிமேகலையின் முதற்காதையான விழாவறை காதையில், புகாரின் இந்திர விழாவை அறிவிக்க வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி நகரெங்கும் அறைகின்றனர். அங்கே அறிவிப்பவன் பழங்குடியிற் பிறந்த மதிப்புக்குரியவனாகக் காட்டப்படுகிறான். பிற்காலக் கிராமத்தில் தமுக்கடித்தவருக்கு அந்த மதிப்பு இருக்கவில்லை. வரி வசூல், சந்தைக் குத்தகை ஏலம், ஏரி மதகு திறப்பு போன்றவற்றைத் தெருத்தெருவாகச் சொல்லும் வேலை குறிப்பிட்ட சாதியார் மீது பிறப்பால் சுமத்தப்பட்டிருந்தது. கூலியும் பெரும்பாலும் அறுவடைக் களத்தில் அளக்கப்படும் தானியமாகவே இருந்தது. வேலையை மறுக்கும் உரிமையோ கூலியைப் பேசும் உரிமையோ இல்லாத ஒருவரை 'அமர்த்தப்பட்டவர்' என்று சொல்வது பொருந்தாது. ஆகவே விளம்பரப் பணியாளரின் முன்னோடியாக அவரைக் காட்டும் வழக்கமான பேச்சு வரலாற்றை இனிப்பாக்கிவிடுகிறது. தண்டோரா எனப்படும் இந்த முறையைக் கைவிட்டு, வண்டிகளில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்குமாறு தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட நிர்வாகங்களுக்கு எழுதியது 2022 ஆகஸ்டில்தான் என்பது, அந்தச் சுமை எவ்வளவு காலம் நீடித்தது என்பதைக் காட்டும்.

கூலி பேசி ஆளமர்த்தும் முறை அச்சகத்தோடும் டூரிங் டாக்கீஸோடும் வந்தது. கூடாரம் போட்டுப் படம் காட்டிய டூரிங் டாக்கீஸ்காரர்கள், மாட்டுவண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, மேளம் கொட்டி, வண்ணத்தாளில் அச்சிட்ட துண்டு நோட்டீஸ்களை வீசிச் சென்றனர். ஜவுளிக்கடைகளும் பாத்திரக்கடைகளும் இதைப் பார்த்து ஆடிக்கும் தீபாவளிக்கும் நோட்டீஸ் அடிக்கக் கற்றுக்கொண்டன. இத்தகைய நோட்டீஸின் அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் சிறிய எழுத்தில் இருந்துவந்ததற்கு 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டமே காரணம். அச்சகங்களைக் கண்காணிக்க ஆங்கிலேய அரசு வைத்த விதி, ஜாக்கெட் துணித் தள்ளுபடி நோட்டீஸையும் கட்டுப்படுத்தியது ஒரு வேடிக்கை. சிவகாசியில் அச்சாகிக் கடையின் பெயரைத் தாங்கி வரும் தினசரிக் காலண்டர் இந்த வகையில் இன்னும் உயிரோடிருக்கிறது. ஒரு முறை செலவழித்தால் வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் ஆண்டு முழுவதும் தொங்கும் விளம்பரம் வேறில்லை.

இவர்கள் அனைவரிலும் கடைக்காரருக்கு மிக நெருக்கமாக இருந்தவர் சுவரெழுத்து ஓவியர். சாலையோரச் சுவரின் சொந்தக்காரரிடம் வாய்மொழியாக அனுமதி பெற்று, வெள்ளையடித்துக் காயவிட்டு, நீலப்பொடி தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட்டு, முதலில் எழுத்தின் ஓரம், பிறகு உள்நிரப்பு, கடைசியில் நிழல் என்ற வரிசையில் அவர் எழுதுவார். பேருந்து ஓடும் வேகத்தில் எத்தனை சொற்களைப் படிக்க முடியும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்த அவர், கடைக்காரர் எழுதிக் கொடுத்த பத்து வரிகளைக் கடையின் பெயர், சரக்கு, இருக்குமிடம் என்று மூன்றாகக் குறைத்துவிடுவார். இக்காலத்தில் 'கன்டென்ட்' என்று தனிப்பெயர் பெற்றுவிட்ட உள்ளடக்கத் தயாரிப்பு உண்மையில் இவர் கையில் உருவானதே. தேர்தல் வந்தால் கட்சிகள் ஓவியர்களை மொத்தமாக அமர்த்திக்கொள்ளும். கடைக்காரர் காத்திருக்க வேண்டியதுதான். 2000க்குப் பிறகு டிஜிட்டல் அச்சில் வெளிவந்த ஃபிளெக்ஸ் பேனர், ஓவியர் நாள்கணக்கில் செய்த வேலையைச் சில மணி நேரத்தில் முடித்ததால், இத்தொழில் பதினைந்து ஆண்டுகளுக்குள் தேய்ந்துபோயிற்று.

ஆட்டோவில் குழாய் ஒலிபெருக்கி கட்டி ஊர் சுற்றிய மைக்செட்காரரும், உள்ளூர் கேபிள் அலைவரிசையில் திரையின் அடியில் எழுத்தை ஓடவிட்ட ஆபரேட்டரும் சுவரெழுத்துக்கும் சமூக ஊடகத்துக்கும் இடைப்பட்டவர்கள். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடைசெய்த 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் முன்னவரை ஓரளவு கட்டுப்படுத்தின. பின்னவரைக் கைபேசி வீழ்த்தியது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணத்தை வீழ்த்திய பிறகே சமூக ஊடகம் சிற்றூர்க் கடைக்கு எட்டும் பொருளாயிற்று. சிறு வணிகருக்கென்று வாட்ஸ்அப் பிசினஸ் செயலி 2018 ஜனவரியில் வந்தது; விலைப்பட்டியல் வைக்கும் வசதி 2019இல் அதில் சேர்ந்தது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டதும், அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் தன் குறுங்காணொளியான ரீல்ஸை இந்தியாவில் வெளியிட்டது. கருவி இலவசமானாலும் அதை நாள்தோறும் கையாளக் கல்லாவில் உட்காரும் கடைக்காரருக்கு நேரமில்லை. கல்யாண வீடியோ எடுப்பவர், டிசைன் கடை வைத்திருப்பவர், கல்லூரி முடித்து வேலை தேடுபவர் ஆகியோரே சிற்றூர்களில் இவ்வேலைக்கு முதலில் வருகின்றனர். மாதத்துக்கு இத்தனை போஸ்டர், இத்தனை ரீல்ஸ் என்று எண்ணிக்கை பேசிக் கூலி முடிவாகிறது. தமுக்குக்கும் சுவருக்கும் மறுமொழி கிடையாது. இந்தப் பணியாளருக்கோ விலை கேட்பவருக்கும் குறை சொல்பவருக்கும் பதில் எழுதுவதே பாதி வேலை. எண்ணிக்கை பேசும்போது அந்தப் பாதி கணக்கில் சேர்வதில்லை என்பது இத்தொழிலின் தீராத வழக்கு.

பென்னாகரம் வட்டாரத்தில் இந்த வேலைக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. கர்நாடக அணைகளிலிருந்து திறக்கப்படும் காவிரி நீரை எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கிறது. வரத்து மிகுந்தால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். மீன் வறுவல் கடைக்கும் விடுதிக்கும் வழியோர உணவகத்துக்கும் அன்றைய வியாபாரமே அந்தக் கனஅடிக் கணக்கைப் பொறுத்தது. முந்தைய ஆண்டுக் காணொளியைத் தேதியின்றிப் போட்டு, தடை நாளில் குடும்பங்களை வரவழைக்கும் பக்கம் ஒரே நாளில் நம்பகம் இழக்கும். அதனால் நிர்வாகத்தின் அறிவிப்பைக் காலையில் பார்த்துவிட்டுப் பதிவிடுபவரே இங்கு நல்ல பணியாளர்.

கருவி யாருடையது என்ற கேள்வியும் இப்போதுதான் கூர்மையாகியிருக்கிறது. தமுக்கும் சுவரும் மைக்செட்டும் பிறருடையவை. ஆயினும் ஓவியர் விலகினால் கடைக்காரர் எதையும் இழந்ததில்லை. வாட்ஸ்அப் கணக்கோ ஒரு கைபேசி எண்ணோடு கட்டப்பட்டது. அதன் பிராட்காஸ்ட், அதாவது ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் வசதி, அந்த எண்ணைத் தம் கைபேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே போய்ச்சேரும். பணியாளர் தம் எண்ணில் கணக்கைத் திறந்துவிட்டுப் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போய்விட்டால், வாடிக்கையாளர் வட்டமும் அவரோடு போய்விடும். கடையின் பெயரில் தனி சிம் வாங்கி அதில் கணக்கைத் திறப்பதும், முகநூல் பக்கத்தின் முழு அதிகாரத்தைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பதிவிடும் அனுமதியை மட்டும் பணியாளருக்குக் கொடுப்பதும் இதற்கான வழிகள். இவற்றைக் கூலி பேசும் முதல் நாளிலேயே முடிவு செய்துகொள்ளும் கடைக்காரர்கள் குறைவு. பெரும்பாலோர் பணியாளர் விலகும் நாளில்தான் கடவுச்சொல்லைக் கேட்கின்றனர்.