அணு உலைத் தேர்வு (மலேசியா)

அணு உலைத் தேர்வு என்பது, அணுக்கருப் பிளவுக்கான எரிபொருள், நியூட்ரான்களின் வேகத்தைக் குறைக்கும் தணிப்பான், குளிர்விப்பான், உலையின் அளவு, இடம் ஆகியவற்றை ஒரு நாடு தீர்மானிக்கும் முறையாகும். மலேசியாவில் அணுமின் நிலையம் இல்லை. நாட்டின் ஒரே உலை, சிலாங்கூர் மாநிலம் பாங்கியிலுள்ள திரிகா புஸ்பாத்தி ஆய்வு உலை. வெப்பத்திறன் 1 மெகாவாட். 1982 ஜூன் 28 முதல் இயங்குகிறது. இதன் யுரேனியம்–சிர்கோனியம் ஹைட்ரைடு எரிபொருள், வெப்பம் ஏறும்போது தொடர்வினையைத் தானே மட்டுப்படுத்தும்.

மின் உற்பத்திக்கு இரு பெரிய உலைகள் அமைக்கும் நோக்குடன் 2011 ஜனவரியில் மலேசிய அணுமின் கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் ஜப்பானில் நேர்ந்த புக்குஷிமா அணு உலை விபத்து திட்டத்தைத் தளர்த்தியது. 2018-இல் பிரதமர் துன் டாக்டர் மகாதீர் அணுமின் வேண்டாம் என அறிவித்தார். 13ஆவது மலேசியத் திட்டம் (2026–2030) அதை மீண்டும் பரிசீலனைக்குக் கொண்டுவந்துள்ளது.

அணுமின் குறித்த மக்களின் ஐயத்துக்கு வலுவான காரணம் உண்டு. பேராக், புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் என்னும் அருமண் ஆலையின் கதிரியக்கத் தோரியக் கழிவை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் வழக்காடினர். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட ஆணையிட்டது. மேல்முறையீட்டில் அது மாற்றப்பட்டும், 1994-இல் ஆலை மூடப்பட்டது. அது அணு உலையன்று. எனினும் கழிவுப் பொறுப்பு குறித்த விவாதம் அங்கிருந்தே எழுகிறது.

இத்தேர்வின் சாதக பாதகங்களை ஜொகூரில் காணலாம். அங்கே பொந்தியான் மாவட்டத் தஞ்சோங் பின் மின்நிலையங்கள் நிலக்கரியை எரிக்கின்றன. ஜொகூர் பாருவைச் சூழப் பெருகும் தரவு மையங்கள் மின்தேவையைக் கூட்டுகின்றன. நிலக்கரிக்கு மாற்றாக, சாதாரண நீரைத் தணிப்பானாகவும் குளிர்விப்பானாகவும் கொண்ட மென்னீர் உலை வந்தால் கரியமிலவாயு வெகுவாகக் குறையும். ஆனால் கடலோரத்தில் வெந்நீர் வெளியேற்றமும், பல்லாயிரம் ஆண்டு காக்கவேண்டிய எரிபொருள் கழிவும் சேரும். சிறு கூறுநிலை உலைகளுக்கு இடமும் தொடக்க முதலீடும் குறைவு. கழிவுச் சிக்கல் அவற்றிலும் நீங்காது.